முடிச்சை அவிழ்க்க முடிகிற கையுறை: குப்பை சேகரிப்போருக்கான சாதனங்கள் பற்றி ஒரு மதிப்புரை

கோவை மாநகரின் ஒரு வார்டில் வீடு வீடாகக் குப்பை வாங்கும் வண்டியை ஓட்டுபவன் நான். குப்பையைக் கையால் வாங்கிப் பிரிப்பதும் என் வேலையில் சேர்ந்ததே. எங்கள் குழு மூன்று வகைக் கையுறைகளை மாற்றி மாற்றி அணிந்து வேலை பார்த்திருக்கிறது. வழக்கமாக வழங்கப்படும் ரப்பர் கையுறை, வார்ப்பாலைகளிலும் வெல்டிங் பட்டறைகளிலும் பயன்படும் தோல் கையுறை, உள்ளங்கையில் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் பூசிய பின்னல் கையுறை ஆகியவை அவை. மூன்றாவதைத்தான் வாங்கச் சொல்வேன். அதிலும் குறைகள் உண்டு. அவற்றில் ஒன்று உயிரோடு விளையாடக்கூடியது என்பதால் இந்த மதிப்புரை சற்று நீளும். காலணி, இடுக்கி முதலியவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

கையுறையை எடைபோடுவதற்கு முன்பு, அந்தக் கை காலையிலிருந்து என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். வாளியை வாங்கிக் கவிழ்ப்பதில் பெரிய சிரமம் இல்லை. நேரத்தையும் விரலையும் தின்பது முடிச்சு. மெல்லிய பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருந்தும், பழைய சோறு, முட்டை ஓடு, மாத்திரை அட்டை, உடைந்த பல்பு எல்லாவற்றையும் ஒரே கவரில் திணித்து, வாய்ப்பகுதியை இரண்டு முறை இறுக்கி முடிந்து கொடுக்கும் வீடுகள் இன்னும் ஏராளம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு உபயோக அபாயக் கழிவு என மூன்றாக வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்று கூறின. பிரிக்காமல் வந்த பையை யாராவது ஒருவர் பிரித்துத்தானே ஆக வேண்டும்? அந்த ஒருவர் வண்டியின் பக்கவாட்டில் நின்றுகொண்டு, நனைந்த பிளாஸ்டிக் முடிச்சின் நடுவில் நகத்தை நுழைத்து நெகிழ்த்த வேண்டியிருக்கிறது. தடித்த கையுறையோடு அது முடியாது. எனவே கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வெறும் விரலால் அவிழ்ப்பார்கள். அடுத்த வாசலுக்கு வண்டி நகர்ந்துவிடும். கழற்றிய கையுறை பிறகு கையில் ஏறாது. கண்ணாடிச் சில்லு கிழித்த கைகளை எங்கள் குழுவில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான சமயங்களில் கையுறை அருகிலேயே இருந்தது, கையில் மட்டும் இல்லை. ஆகவே ஒரு கையுறை எவ்வளவு தடிப்பானது என்பதைவிட, எவ்வளவு நேரம் கழற்றாமல் இருக்க விடுகிறது என்பதையே முதல் தகுதியாக வைத்து இந்த மூன்றையும் பார்த்தேன்.

வழக்கமாகக் கிடைக்கும் ரப்பர் கையுறை முழங்கை வரை நீண்டது, நீர் புகாது, கழுவினால் உடனே சுத்தமாகிவிடும். சாக்கடை ஓரத்தில் ஈரக் கழிவை அள்ளுவதற்கும், உணவகங்களின் எச்சில் இலைத் தொட்டியைக் கவிழ்ப்பதற்கும் இதுவே ஏற்றது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் அரை மணி நேரத்துக்குள் உள்ளே வியர்வை தேங்கி விரல்கள் ஊறிப்போகின்றன; விரல் இடுக்குகளில் புண் வருகிறது. உடைந்த கண்ணாடி வளையல்கூட இதைக் கிழித்துவிடும். கிழிந்த பின்பும் அதையே போட்டுக்கொண்டிருப்பது வெறுங்கையைவிட மோசம், ஏனெனில் உள்ளே புகுந்த கழிவுநீர் வெளியேற வழியில்லாமல் கையோடு ஒட்டியே கிடக்கும்.

தோல் கையுறை கோவைக்குப் பழக்கமான பொருள். கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று வார்ப்பாலைகளும் பட்டறைகளும் உள்ள ஊரில் அது எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. கோடையில் இளநீர் மட்டைகளை வாரிப் போடும்போதும், மரக்கிளை, முள், தகரத் துண்டு தூக்கும்போதும் இதற்கு நிகர் வேறில்லை. ஆனால் ஒருமுறை நனைந்துவிட்டால் எடை கூடும். காய்ந்தால் பலகைபோல விறைத்துக்கொள்ளும். துவைத்து எடுக்க முடியாததால் நாற்றம் நிரந்தரமாகத் தங்கிவிடும். எங்கள் குழுவில் மூத்தவரான அக்கா ஒருவர் இதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதப் போட்டுட்டு முடிச்ச அவுக்கறதுக்குள்ள அடுத்த தெருவே வந்துருமாட்ட இருக்குதே" என்று சொல்லிக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அதற்கு மேல் அந்தக் கையுறைக்கு மதிப்புரை தேவையில்லை. எனினும் ஒரு ஜோடியை வண்டியிலேயே வைத்திருக்கிறோம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இனி நைட்ரைல் கையுறை. எளிதில் வெட்டுப்படாத உறுதியான பாலிஎத்திலீன் இழையில் பின்னிய உறை. உள்ளங்கையிலும் விரல்களின் உட்பக்கத்திலும் மட்டும் நைட்ரைல் பூசியிருப்பார்கள். புறங்கை வெறும் பின்னலாக இருப்பதால் காற்றுப் புகும். பூச்சு மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக இருக்கும் வகையைத்தான் வாங்க வேண்டும். வழவழப்பான பூச்சு உள்ளவை எண்ணெய் பட்ட பால் கவரைப் பிடிக்கும்போது நழுவுகின்றன. காந்திபுரத்தை அடுத்த ஒரு பாதுகாப்புச் சாதனக் கடையில் ஜோடி ரூ.200-ஐ ஒட்டிய விலைக்கு வாங்கினோம். கடைக்காரர் கையில் மாட்டிப் பார்க்கவும், மேசையில் கிடந்த ஒரு கவரை முடிந்து அவிழ்த்துப் பார்க்கவும் அனுமதித்தார். இணையத்தில் வாங்கினால் சற்று மலிவு என்றாலும் இந்த வசதி கிடையாது. சுட்டுவிரலும் பெருவிரலும் சேரும் இடத்தில் துணி மடிந்து நிற்காமல் இருந்தால், அந்தக் கையுறையால் முடிச்சை அவிழ்க்க முடியும். முதல் சில நாள்களுக்கு மெதுவாகத்தான் வரும், பிறகு பழகிவிடுகிறது.

நல்ல கையுறையின் புறங்கையில் இ.என். 388 என்ற ஐரோப்பியத் தர முத்திரையும், அதன் கீழே நான்கு எண்களும் ஓர் எழுத்தும் அச்சிடப்பட்டிருக்கும். இதைப் படிக்கத் தெரியாமல் வாங்குவது எடை பார்க்காமல் பருத்தி வாங்குவதற்குச் சமம். முதல் எண் தேய்மானத்தை எவ்வளவு தாங்கும் என்பதற்கு, இரண்டாவது கத்தி வெட்டுக்கு, மூன்றாவது கிழிசலுக்கு, நான்காவது குத்தலுக்கு. இரண்டாவது எண் 5 வரை போகும், மற்றவை 4 வரை. சோதிக்கப்படாத இடத்தில் எக்ஸ் என்ற எழுத்து நிற்கும். 2016இல் திருத்திய முறைப்படி கடைசியில் வரும் எழுத்து, நேர்க்கோட்டில் இழுக்கப்படும் கத்திக்கு எதிரான தாங்குதிறனை ஏ முதல் எஃப் வரை குறிக்கிறது. எங்கள் வேலைக்கு சி என்ற நிலையே போதும் என்பது என் அனுபவம். அதற்கு மேலே போகப் போகக் கையுறை தடிக்கும், தடித்தால் கழற்றுவார்கள்.

நான் முன்பு சொன்ன ஆபத்தான குறை அந்த நான்காவது எண்ணில்தான் ஒளிந்திருக்கிறது. குத்தல் தாங்குதிறன் 4 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஊசியும் ஏறாது என்று நினைத்துவிடக் கூடாது. அந்தச் சோதனையில் பயன்படுத்துவது 4.5 மில்லிமீட்டர் தடிமனும் மழுங்கிய முனையும் கொண்ட எஃகுக் கம்பி. ஆணி குத்துவதற்கு அது ஓரளவு பொருந்தும். சர்க்கரை நோயாளி போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசியோ முடியைப் போல நுண்ணியது. பின்னலின் இழைகளை வெட்டாமலேயே அவற்றுக்கு நடுவில் புகுந்துவிடும். ஊசிக்கென்று தனிச் சோதனை முறையும், அதில் தேறிய கையுறைகளும் உண்டு. அவை பல மடங்கு விலை, விரலை மடக்கவும் விடாதவை. திருப்பூரில் இதே வேலையில் உள்ள என் உறவினர், சிறு தையல் கூடங்கள் பெருக்கித் தரும் நூல் குப்பையில் உடைந்த தையல் ஊசி வரும் என்றும், பின்னல் கையுறையை அது லேசாகத் தாண்டிவிடுகிறது என்றும் சொல்கிறார். வெட்டுத் தடுப்பு என்று உறையில் எழுதியிருந்தால், அது வெட்டுக்கு மட்டுமே தரப்பட்ட உறுதிமொழி.

எனவே ஊசிக்கு எதிரான காவல் கையுறையில் இல்லை, பையைக் கையாளும் முறையில் இருக்கிறது. பையை அடியில் தாங்கிப் பிடிக்காமல் முடிச்சில் பிடித்து, காலில் உரசாதபடி உடம்பிலிருந்து தள்ளித் தூக்க வேண்டும். வண்டி நிறைந்துவிட்டால் கையாலோ காலாலோ அமுக்கக் கூடாது; பலகையாலோ மண்வெட்டியின் பின்பக்கத்தாலோ அமுக்கலாம். சந்தேகம் உள்ள பையை வண்டிக்குள் பிரிக்காமல் தரையில் ஒரு சாக்கின் மீது கவிழ்த்து, நீளமான இடுக்கியால் கிளற வேண்டும். இன்சுலின் போடும் வீடுகள் எவை என்பது தெருவில் வேலை செய்பவருக்குத் தெரியாமல் போகாது. பயன்படுத்திய ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் புட்டியில் போட்டு, மூடியை இறுக்கித் தனியாகக் கொடுக்கும்படி அந்த வீட்டுப் பெரியவரிடம் கதவருகே மெதுவாகச் சொன்னால் கேட்கிறார்கள்; தெருவில் நின்று உரக்கச் சொன்னால் நோயை ஊருக்குச் சொல்லிவிட்டதாகக் கோபித்துக்கொள்கிறார்கள்.

அதையும் மீறிக் குத்திவிட்டால் இரத்தத்தைப் பிதுக்குவதும் விரலை வாயில் வைப்பதும் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, வேலையை அப்படியே விட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால், அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது இன்னும் நல்லது. 28 நாள்கள் விடாமல் உட்கொள்ள வேண்டும். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியோ குத்துப்படுவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டியது: முதல் தவணை, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. இதைப் போட்டுக்கொள்ளாதவர் எந்தக் கையுறை அணிந்தாலும் பாதிப் பாதுகாப்பில்தான் இருக்கிறார்.

மாதவிடாய் நாப்கினும் குழந்தைகளின் டயப்பரும் வேறொரு சிக்கல். அவற்றை உற்பத்தியாளர் தரும் உறையிலோ வேறு பொருத்தமான உறையிலோ சுற்றித் தர வேண்டும் என்று அதே 2016ஆம் ஆண்டு விதிகள் கூறின. நடைமுறையில் சோற்றோடு கலந்து வருவதே அதிகம். நைட்ரைல் கையுறையின் புறங்கைப் பின்னல் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இந்த இடத்தில் அது தோற்றுவிடுகிறது. மருத்துவமனைகளில் அணியும் மெல்லிய கையுறையை உள்ளே போட்டுக்கொண்டு மேலே இதைப் போட்டுப் பார்த்தோம். ஈரம் தோலைத் தொடவில்லை, ஆனால் வியர்வை ரப்பர் கையுறையின் அளவுக்கே வந்துவிட்டது. இவற்றை இடுக்கியால் மட்டும் எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். இடுக்கி வாங்கும்போது வாய் ரப்பர் பதித்ததாகவும், நின்றபடியே தரையைத் தொடும் நீளமுள்ளதாகவும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கைப்பிடி உள்ளவை விரைவில் முறிகின்றன. அலுமினியத் தண்டு உள்ளவை நிற்கின்றன.

பிரிக்காத குப்பையை வாங்க மாட்டேன் என்று சொல்லும்போது எழும் வாக்குவாதத்துக்கு எந்தக் கடையிலும் சாதனம் விற்பதில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். முழு உடுப்பும் கையுறையும் அடையாள அட்டையும் உள்ளவர், "நாளைக்குப் பிரிச்சு வெச்சுருங்க, இன்னைக்கு மக்கறத மட்டும் எடுத்துக்கறனுங்க" என்று சொன்னால், முணுமுணுப்போடு சரி என்கிறார்கள். கிழிந்த கையுறையோடு நிற்பவர் அதையே சொன்னால் முதலாளி தொனியில் பதில் வருகிறது. தீபாவளிக் காசைக் கையில் தராமல் மதில் மேல் வைத்துவிட்டுப் போகும் வீடுகளும் உண்டு. கையுறையைக் கழற்றிக் கை கழுவிக் காட்டினாலும் அவர்கள் மதில் மேல்தான் வைப்பார்கள்.

காலணியைப் பொறுத்தவரை, முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை வரும் பி.வி.சி. கம்பூட்டையே பரிந்துரைக்கிறேன். விரல் முனையில் எஃகு மூடியும், அடிப்பகுதியில் ஆணி ஏறாத தகடும் உள்ள வகைக்கு எஸ்5 என்ற குறியீடு இருக்கும். தகடு இல்லாத சாதாரண கம்பூட்டில் ஆணி நேராக ஏறிவிடும் என்பதால் சிறிது கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை. வெயிலில் கால் வேகிறது என்ற புகார் நியாயமானது. பருத்திக் காலுறையும் நடுவில் கழற்றிக் காற்றாட விட ஒரு இடைவேளையும் இருந்தால் தாங்கலாம். நாய்களிடம் இதன் பயன் பெரிது. அதிகாலையில் குப்பைப் பையின் வாசனைக்கு வரும் தெருநாய் பெரும்பாலும் கெண்டைக்காலைத்தான் பிடிக்கும். பல் பதியாமல் பூட் தடுத்ததை நேரில் பார்த்திருக்கிறேன். இடுக்கியை ஓங்கினால் நாய் மேலும் வெறிகொள்ளும். பையைக் கீழே போட்டுவிட்டு அசையாமல் நிற்பதே நல்லது. கடிபட்டால் காயத்தைச் சோப்பு நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே முதல் ஊசியும், பிறகு 3, 7, 28ஆம் நாள்களில் மற்றவையும் போட்டுக்கொள்ள வேண்டும். கீறல்தானே என்று விடுவதற்கு ரேபிஸ் இடம் கொடுக்காது.

முகக்கவசம், ஒளிரும் மேலாடை, மழைக்கோட்டு ஆகிய மூன்றிலும் சொல்வதற்கு அதிகமில்லை. அவிநாசி சாலை போன்ற இடங்களில் விடியலுக்கு முன் வேலை என்றால் ஒளிரும் மேலாடை கட்டாயம். மழைக்கோட்டு சட்டை, கால்சட்டை என இரண்டு பகுதிகளாக இருக்க வேண்டும். ஒரே அங்கியாக இருப்பது வண்டியின் கொக்கியில் மாட்டும்.

தோல் கையுறையை ஏன் வைத்திருக்கிறோம் என்பதற்கு வருகிறேன். நைட்ரைல் பூச்சுக்கும் அந்தப் பின்னலுக்கும் நெருப்பு ஆகாது; பின்னல் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். தீபாவளி மறுநாள் வெடித்த காகிதக் குவியலுக்குள் வெடிக்காத பட்டாசும் கனன்றுகொண்டிருக்கும் மத்தாப்புக் கம்பியும் கிடக்கும். பரோட்டாக் கடை அடுப்புச் சாம்பலில் மேலே சாம்பலும் அடியில் கங்கும் இருக்கும். தண்ணீர் தெளித்துவிட்டுத் தோல் கையுறையோடு அள்ளுவதே முறை. ஒரு கங்கு வண்டிக்குள் போனால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. 2024 ஏப்ரலில் வெள்ளலூர் குப்பைக்கிடங்கில் பற்றிய தீ அணையப் பல நாள்கள் ஆனது கோவைக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஆயுத பூசைக்கு மறுநாளும் தோல் கையுறைதான். சாலையெங்கும் உடைத்த திருஷ்டிப் பூசணிக்குள் காசு தேடும் ஆசையில் கை விடுபவர்கள், வாகனங்கள் ஏறி நொறுங்கிய எலுமிச்சை, கண்ணாடி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அள்ளுகிறார்கள். அதோடு ஒப்பிட்டால் பொங்கலுக்கு முந்தைய காப்புக்கட்டு எங்களுக்கு இலகுவான நாள். வீட்டை ஒதுக்கி எறியும் பழைய பாயும் பானையும் பாரமாக இருக்குமே தவிர, அன்று வீட்டில் காப்பாகக் கட்டும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் யாரையும் குத்துவதில்லை.

அளவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எங்கள் வேலையில் பெரும்பாலோர் பெண்கள். கடைகளில் அடுக்கியிருப்பதோ 9, 10ஆம் அளவுகள். ஆலைகளில் வேலை செய்யும் ஆண்களை மனத்தில் வைத்து வாங்கி வைத்தவை. உள்ளங்கையின் சுற்றளவை அங்குலத்தில் அளந்தால் கிடைப்பதே கையுறையின் அளவு. எங்கள் குழுவின் பெண்களுக்கு 7 அல்லது 8 பொருந்துகிறது. 10ஆம் அளவைக் கொடுத்தால் விரல் நுனியில் துணி தொங்கும். தொங்கும் துணியால் முடிச்சு அவிழாது. மறுபடியும் பழைய கதைதான். கழிவைக் கையாளும் தொழிலாளர் அனைவருக்கும் சீருடை, ஒளிரும் மேலாடை, கையுறை, மழைக்கோட்டு, ஏற்ற காலணி, முகக்கவசம் தரப்படுவதையும் அவர்கள் அவற்றைப் பயன்படுத்துவதையும் உள்ளாட்சி அமைப்பு உறுதிசெய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதிகள் கூறின. மொத்தமாகக் கொள்முதல் செய்பவர்கள் ஆர்டர் எழுதும்போது 'கையுறை' என்ற சொல்லோடு நிறுத்திவிடாமல் அளவுவாரியாக எண்ணிக்கையையும் எழுதினால், அந்த 'பயன்படுத்துவதை' என்ற பகுதியும் நிறைவேறும். குடியிருப்போர் சங்கங்கள் தீபாவளிக்குச் சேலையோ இனிப்போ தருவதற்குப் பதிலாகக் கையுறை தர விரும்பினால், முதலில் கையை அளந்துகொள்ளுங்கள்.

பராமரிப்பு எளிது. சோப்புத்தூள் கலந்த வெதுவெதுப்பான நீரில் கையில் மாட்டியபடியே தேய்த்துக் கழுவி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் பூச்சு வெடிக்கிறது. ஒரே இரவில் முழுமையாகக் காயாது என்பதால் ஆளுக்கு இரண்டு ஜோடி தேவை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பூச்சு உரிந்து பின்னல் தெரியத் தொடங்கினால் மாற்றிவிட வேண்டும். மற்ற இடங்கள் புதிதாகத் தெரிந்தாலும் சரி.

எனக்கு மிச்சமிருக்கும் குறை மணிக்கட்டுதான். நெகிழும் பட்டை குட்டையாக இருப்பதால், வாளியை உயர்த்திக் கவிழ்க்கும்போது கஞ்சித் தண்ணீர் வழிந்து உள்ளே இறங்கிவிடுகிறது. சட்டைக் கையை மேலே இழுத்து ரப்பர் வளையம் போட்டுச் சமாளிக்கிறோம். முழங்கை வரை நீளும் மணிக்கட்டோடு இதே நைட்ரைல் வகை உண்டு என்று கடைக்காரர் படத்தைக் காட்டினார். ஆனால் 8ஆம் அளவில் அவருக்கு வருவதில்லையாம். வரவழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.